முழுப் பேர்

மே 5, புதன்

இந்த டைரி வினோதினி கொண்டு வந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் கொடுத்தார்களாம். "எனக்கெங்க எழுத நேரம்? நீ எழுது அப்பத்தா. தெருவுல நின்னு வாயடிக்கிறதாவது குறையும்" என்றாள். கொழுப்பு. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன். அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்காகப் பேனா பிடிக்கத் தெரியாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள் நான்தான்.

என் பேர் முத்துராக்கு. மகன் செல்வம் லாரி ஓட்டுகிறான், இப்போது நாக்பூர்ப் பக்கம் போயிருக்கிறான். மருமகள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. வினோதினியை வளர்த்தது, படிக்க வைத்தது, நர்சாக்கியது எல்லாம் நான். எங்கள் தெருவில் முதல் நர்சு அவள்தான். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

அவளை கொரோனா வார்டில் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் டூட்டி முடிந்து வந்தால் வீட்டுக்குள் வரமாட்டாள். கொல்லைப்பக்கம் அண்டாவில் வெந்நீர் வைத்திருப்பேன். அங்கேயே குளித்து, உடுப்பைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்கிவிட்டு, வெளிப்படி வழியாக மாடி ரூமுக்குப் போய்விடுவாள். சாப்பாட்டுத் தட்டை நாலாவது படியில் வைத்துவிட்டு நான் கதவைச் சாத்த வேண்டும். அப்புறம்தான் இறங்கி வந்து எடுப்பாள். பேத்தி முகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். மூக்கிலும் கன்னத்திலும் கண்ணாடியும் மாஸ்க்கும் அழுத்தின தழும்பு ஆழமாக விழுந்திருக்கிறது. பட்டாளத்துக்காரனுக்கு விழுந்த காயம் மாதிரி. எதிர் வீட்டுக் கோமதியிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள்.

மே 8, சனி

திங்கட்கிழமையிலிருந்து முழு ஊரடங்கு என்று டிவியில் சொல்லிவிட்டான். புதன்கிழமை நர்சுகள் தினம் என்றும் சொன்னான். உடனே எனக்கு யோசனை வந்துவிட்டது.

கோமதியின் புருஷன் தவசி பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் மிஷினில் அடிப்பதுதான். கடைக்கே போனேன்.

"தவசி, கடையைச் சாத்துறதுக்குள்ள என் பேத்திக்கு ஒண்ணு அடிச்சுக் குடுய்யா."

"அடிப்போம் பெரியம்மா. ஒரு மாசமா கறுப்பு மையாவே ஓடுது. கலர்ல ஒண்ணு அடிச்சா எனக்கே நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமா இருக்கும்" என்றான்.

படிப்பு முடிந்த அன்றைக்கு விளக்கைக் கையில் ஏந்தி எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். "எங்கள் தெருவின் தங்கம் செவிலியர் செ. வினோதினி" என்று தலைப்பு. பேர்தான் பெரிசாக இருக்க வேண்டும், பஸ்ஸில் போகிறவன் படிக்க வேண்டும் என்று சொன்னேன். "கீழே இடம் காலியா இருக்கே பெரியம்மா, என்ன போட?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்து, "அவ போன் நம்பரைப் போடு. ஆஸ்பத்திரி உதவிக்கு அழைக்கவும்னு போடு. நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றேன்.

தவசி காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டான்.

மே 12, புதன்

பால் பூத் சுவருக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவே பிளெக்ஸைக் கட்டியாகிவிட்டது. தெரு முனையில் திரும்புகிற யார் கண்ணிலும் படாமல் போகாது.

வினோதினி ஸ்கூட்டியில் வந்து இறங்கினதும் எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு அவரவர் வாசலில் நின்று கை தட்டினோம். கோமதி ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். தவசி ஒரு பொன்னாடையைக் கம்பு நுனியில் மாட்டி, எட்ட நின்றபடியே அவள் தோளில் போட்டான். அதற்கே ஒரே சிரிப்பு. "வினோதினி! வினோதினி!" என்று எவனோ ஆரம்பித்தான், எல்லாரும் கூடவே சேர்ந்து கத்தினார்கள்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வெட்கம்.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாரும் உள்ள போங்க. வெளிய நிக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். தெருவின் மேல் எவ்வளவு அக்கறை என்று எல்லாரும் சொன்னார்கள்.

விசேஷத்துக்கு என்று பாயசம் வைத்தேன். தட்டு நாலாவது படியிலேயே இருந்தது, எறும்பு மொய்த்துவிட்டது. களைப்பில் தூங்கியிருப்பாள்.

மே 14, வெள்ளி

போன் ஓயவில்லை. மாடியில் அடிப்பது கீழே வரைக்கும் கேட்கிறது. மதுரையிலிருந்துகூட ஒருத்தர் கூப்பிட்டாராம், பிளெக்ஸை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். என் பேத்தி பேர் ஜில்லா தாண்டிப் போய்விட்டது.

மாடிப்படியில் நின்று கேட்டாள். "நம்பரை யாரு போடச் சொன்னது?"

"நான்தான். ஏன்?"

சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

கபசுரக் குடிநீருக்குப் பொடி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மே 16, ஞாயிறு

இன்றைக்குப் படியில் உட்கார்ந்து என்னோடு பேசினாள். அவள் மேலே, நான் கீழே வாசலில், இரண்டு பேரும் மாஸ்க்கோடு.

வார்டில் அந்த பிளாஸ்டிக் உடுப்புக்குள் போய்விட்டால் யார் முகமும் தெரியாதாம். அதனால் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பேர் எழுதிக்கொள்வார்களாம். ஒரு கண்டக்டர் படுத்திருந்தாராம். இவள் கட்டிலுக்குப் போகும்போதெல்லாம் நெஞ்சில் இருக்கிறதைச் சத்தமாகப் படிப்பாராம். ஒரே மூச்சில் வினோதினி என்று சொல்லிவிட்டால், "முழுப் பேரும் சொல்லிட்டேன், இன்னிக்கு டிக்கெட் கிழிக்கலாம்" என்று சிரிப்பாராம். பக்கத்துக் கட்டில்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வார்டு முழுக்க இவள் பேரைச் சொல்லித்தான் மூச்சைப் பார்த்துக்கொள்வார்களாம்.

"அப்புறம் அவரு வினோதின்னு நிறுத்தினாரு அப்பத்தா. மறுநாள் வினோ. நேத்து வாயைத் தெறந்தாரு, வி மட்டும் வந்துச்சு. என் நெஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தாரு. மிச்ச எழுத்தெல்லாம் அங்கதான இருக்கு, எடுத்துக்கலாம்ங்கிற மாதிரி."

அப்புறம் அவள் தோள் குலுங்கியது.

நான் சொன்னேன்: "ஏத்தா, கண்ணைத் தொடை. கோமதி ஜன்னல்ல நிக்கிறா பாரு. தெருவே உன்னைத்தான் நம்பியிருக்கு. நீ இப்படி அழலாமா? நீ யாரு பேத்தி?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை. ஒரு வார்த்தை சொன்னால் புரிந்துகொள்வாள்.

மே 17, திங்கள்

பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்கிறாள். பாப்பா என்று கூப்பிடச் சொல்கிறாள். இந்த வயதில் செல்லம்.

மே 20, வியாழன்

மனசு நிறைந்த நாள். எனக்கு பிரஷர் மாத்திரையெல்லாம் ஒரு மாசத்துக்கு மொத்தமாக வாங்கி, காலை, ராத்திரி என்று டப்பா டப்பாவாகப் பிரித்துக் கொடுத்தாள். போனில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அடுப்படிச் சுவரில் அவள் அப்பன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாள். காதில் கிடந்த ஜிமிக்கியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து, "நீ வச்சுக்க அப்பத்தா, டூட்டியில போட முடியல" என்றாள். அது அவள் அம்மாவுடையது. தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி வைப்பதில் அவள் அம்மாவே திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

மே 22, சனி

முகத் தழும்பு மறைந்துவிட்டது! கஸ்தூரி மஞ்சள் அரைத்து வைத்தது வீண் போகவில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்புதான் இன்னும் போகவில்லை.

உடுப்பும் அவ்வளவாக அழுக்காகவில்லை. பழைய மருந்து நெடி இல்லை. பிளீச்சிங் வாளியை அவளே காலி செய்து கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மே 24, திங்கள்

தவசிக்கு மூச்சுத் திணறல். மூன்று நாளாகக் காய்ச்சலை மறைத்து வைத்திருந்திருக்கிறான். விடியற்காலையில் 108 வண்டி வந்து ஏற்றிப் போயிற்று. கோமதி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட யாரும் போகக்கூடாதாம்.

"பெரியம்மா, வினோதினி இருக்கிற ஆஸ்பத்திரிதானே? அவ பாத்துக்குவாள்ல?"

"பாத்துக்குவாளா? சொந்தச் சித்தப்பா மாதிரிப் பாத்துக்குவா. நீ ஏண்டி பயப்படுறே? நம்ம வீட்டுப் பிள்ளை உள்ள இருக்கு" என்றேன்.

ஜன்னல் வழியாக வினோதினியிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். நான் சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. காலையில் வழக்கம்போல ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 26, புதன்

என்னுடைய போனுக்கு அருள்மேரி சிஸ்டர் கூப்பிட்டார். வினோதினிக்கு மேலே உள்ள பெரிய நர்சு.

"அம்மா, புள்ளை எப்படி இருக்கா? போன் எடுக்கவே மாட்டேங்கிறா. ஒரு வாரமா டூட்டிக்கு வரலியே, காய்ச்சலா?"

வாசல் கதவைச் சாத்தினேன்.

"ஆமா சிஸ்டர். லேசாக் காய்ச்சல். தேறிட்டு வருது" என்றேன்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அரிசி புடைத்தேன். ஏற்கெனவே புடைத்த அரிசி.

மத்தியானம் அவள் வந்தாள். குளித்தாள். மாடி ஏறினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ காரணம் இருக்கும். படித்த பிள்ளை.

சாயந்திரம் கோமதி வாசலுக்கு வந்தாள். "அவரு போனு சுவிட்ச் ஆஃப்னு வருது பெரியம்மா. வினோதினி ஏதாச்சும் சொன்னாளா?"

"சொன்னாளே. நல்லாத்தான் இருக்கானாம். ரெண்டு இட்லி சாப்பிட்டானாம்."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

மே 27, வியாழன்

கோமதி இன்றைக்கும் கேட்டாள். கஞ்சி குடித்ததாகச் சொன்னேன். தொட்டுக்க என்ன என்று கேட்டாள். பருப்புத் துவையல் என்றேன்.

மே 28, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அவள் கிளம்பிப் போன பிறகு, ஏறக்கூடாது என்று அவள் சொல்லியிருந்த மாடிப்படியில் ஏறினேன். ரூம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. துணியெல்லாம் மடித்து ஒரே அடுக்காக. படித்த சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு பையில், மேலே என் பேர். பாய் சுருட்டியிருந்தது. ஒரு வீட்டைக் காலி செய்கிறவர்கள்தான் இப்படி வைப்பார்கள். அங்கே நின்றபோதுதான் ஜிமிக்கியும், மாத்திரை டப்பாவும், சுவரில் எழுதின நம்பரும் ஒன்றாக என் மனசுக்குள் வந்து உட்கார்ந்தன.

தலகாணி உறைக்குள் என்னமோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அவளுடைய போன். அணைத்து, துண்டில் சுற்றி, உள்ளே திணித்திருந்தாள். போனையே வைத்துவிட்டுத்தான் போகிறாள். நான் அதை உயிர்ப்பித்தேன்.

உடனே அடித்தது.

"வினோதினி சிஸ்டரா? எங்கம்மாவுக்கு மூச்சு விட முடியல சிஸ்டர், வாசல்லயே ஆட்டோவுல வச்சிருக்கோம், ஒரு பெட்டு..."

நான் அவள் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அழுதுவிட்டான். எனக்கு என்ன தெரியும்? வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. ஒரு பொம்பளை, பேசவே இல்லை, "வினோதினி அக்கா, வினோதினி அக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் குழந்தைச் சத்தம். அடுத்து ஒருத்தன். "ஊரெல்லாம் நம்பர் ஒட்டி வச்சுட்டு எடுக்காம இருக்கீங்களே, விளம்பரமா பண்றீங்க? எங்கப்பா செத்துப் போயிட்டாரு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றான்.

நான் பாயில்லாத தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி நடந்தேன். ஆஸ்பத்திரி ரோட்டில் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் போலீஸ் தடுப்பு இருக்கிறது. போலீஸ்காரர் மறித்தார்.

"பாட்டி, ஊரடங்கு. எங்க கிளம்பிட்டீங்க?"

"என் பேத்தி நர்சுய்யா. வெள்ளை ஸ்கூட்டி. கழுத்துல கார்டு மாட்டியிருப்பா."

"பிளெக்ஸ்ல இருக்கிற பொண்ணா? அந்தா, பாலத்து மேலதான் நிக்கிறாங்க. தெனமும் நிப்பாங்க. கேட்டா காத்து வாங்குறேன்னாங்க. ராப்பகலா உழைக்கிறவங்க, பாவம்னு விட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "நானும் வரட்டா பாட்டி?"

"பின்னாலயே வாய்யா. கிட்ட வராதே" என்றேன்.

நடுப் பாலத்தில் நின்றிருந்தாள். கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் கீழே பார்த்துக்கொண்டு. கீழே தண்ணீர் இல்லை. கல்லும் மணலும்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. கூப்பிட வாய் வந்தது. பேரைச் சொல்லக்கூடாது என்பது அந்த நேரத்தில் எப்படித்தான் ஞாபகம் வந்ததோ.

"பாப்பா."

திரும்பினாள். "நீ ஏன் இங்க வந்தே?"

என்னென்னமோ சொல்ல வேண்டும் என்று வந்தேன். மூச்சு வாங்கியது. அப்படியே நடைபாதையில், அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவள் உடுப்பு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து அவளும் உட்கார்ந்தாள்.

"வார்டு வாசல் வரைக்கும் போறேன் அப்பத்தா. கால் உள்ள போக மாட்டேங்குது. உடுப்பைப் போட்டா பேர் எழுதணும்ல. பேர் எழுத கை வர மாட்டேங்குது."

"சரி."

"எல்லாரும் என்னையே பாக்குறாங்க. நான் ஒருத்தரையும் பிழைக்க வைக்கல."

"சரித்தா."

"தைரியமா இருன்னு சொல்லப் போறியா?"

"இல்ல."

"பின்ன?"

"முடியலன்னா விடுத்தா. விட்டுரு."

"தெரு?"

"தெரு கிடக்கு தெரு. அது என்ன உன்னைப் பெத்துச்சா, வளர்த்துச்சா? நான் வளர்த்தேன். எனக்கு நர்சு வேணாம். நீ வேணும்."

அவள் என் மடியில் தலையை வைத்தாள். மாஸ்க்காவது, கொரோனாவாவது. சத்தம் போட்டு அழுதாள். நான் கண்ணைத் துடைக்கச் சொல்லவில்லை. போலீஸ்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிற வண்டியையெல்லாம் அந்தப் பக்கமாக ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

மே 29, சனி

நேற்று அவளை என் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுக் குறுக்கே கீழே படுத்துக்கொண்டேன். என்னைத் தாண்டாமல் போக முடியாது.

காலையில் அருள்மேரி சிஸ்டருக்கு நானே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். காய்ச்சல் என்று சொன்னது பொய் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"அம்மா, எங்க வார்டுல இவ முத ஆள் இல்ல. நானே போன வருசத்துல இருந்து மாத்திரை சாப்பிடுறேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இன்னிக்கே மனநல டாக்டரைப் பாத்துரலாம், நான் சொல்லி வைக்கிறேன். லீவு எழுதிக் குடுக்கிறது என் பொறுப்பு. அதுவரைக்கும் ஒரு நிமிசம் தனியா விடாதீங்க."

அப்புறம் தவசியைக் கேட்டேன். பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஆக்ஸிஜன் மாஸ்க்கில் இருக்கிறான். நிலைமை பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சேர்த்த நாளிலிருந்து வாயில் ஒன்றும் இறங்கவில்லை, டிரிப்ஸ்தான். சார்ஜர் கொண்டு போகவில்லை, அதனால்தான் போன் செத்துக் கிடக்கிறது.

ரோட்டைத் தாண்டிக் கோமதி வாசலில் நின்றேன். இந்த ரோடு இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது.

"கோமதி, என் பேத்தி டூட்டிக்குப் போகல. பத்து நாளா போகல. அவளுக்கு மனசு சரியில்ல. தவசியை அவ பாக்கவே இல்ல. நான் சொன்னதெல்லாம் நானாச் சொன்னது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"இட்லி?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பருப்புத் துவையல்? ஏன் பெரியம்மா, ஒரு சார்ஜர் குடுத்து விட்டிருப்பேனே! அவரு குரலைக் கேட்டிருப்பேனே! வாயாலயே ஊட்டிட்டியே எம் புருசனுக்கு! நல்லா ஊட்டினே!"

கதவை அறைந்து சாத்தினாள். அவள் என்னை ஒருமையில் பேசினது இதுவே முதல் தடவை.

மத்தியானம் டாக்டரிடம் போனோம். சின்ன வயசு டாக்டர். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம், கோமதி கொடுத்தனுப்பின சார்ஜரை அருள்மேரி சிஸ்டரிடம் சேர்த்தோம். கோமதி அதைக் கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாக வீசியிருந்தாள்.

மே 31, திங்கள்

முக்காலியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு தெரு முனைக்குப் போனேன். பிளெக்ஸ் கயிற்றை அறுக்க வேண்டும். இந்த வயதில் முக்காலி மேல் ஏறுவது லேசில்லை. பால் வாங்க நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் பாட்டி கழட்டுறீங்க? அழகா இருக்குல்ல?" என்றார் பால்காரர்.

காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அவளுக்கு மனசுக்கு முடியல. வைத்தியம் பாக்குறோம். இந்த நம்பருக்கு இனிமே யாரும் கூப்பிட வேணாம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அரிவாள் கயிற்றில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

முக்காலி ஆடியது. அப்புறம் ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். கோமதி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்காகப் பிடிக்கல. நீங்க விழுந்து வச்சீங்கன்னா அந்தப் புள்ளைக்கு இன்னொரு வேலை" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 2, புதன்

அவள் போன் இப்போது என் இடுப்பில் இருக்கிறது. இன்னும் கூப்பிடுகிறார்கள். "அவளுக்கும் உடம்பு முடியலய்யா. அரசாங்க உதவி நம்பர் 104-க்குப் போடுங்க" என்று சொல்கிறேன். சிலபேர் திட்டுகிறார்கள், கேட்டுக்கொள்கிறேன். ஒரு அம்மா மட்டும், "அப்படியா, சிஸ்டரைப் பத்திரமாப் பாத்துக்கங்க" என்றார். தன் வீட்டு ஆளுக்கு மூச்சுத் திணறும்போது இப்படிச் சொல்ல எப்படி மனசு வந்ததோ.

ஜிமிக்கியைக் கொடுத்தேன். வாங்கி வைத்தாள். போட்டுக்கொள்ளவில்லை. நாலாவது படியில் தட்டு வைப்பதில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நாலு வாய். நேற்றைக்கு மூன்று.

தூக்கம்தான் வரவில்லை. கண்ணை மூடினால் வார்டு வருகிறது என்கிறாள்.

ஜூன் 7, திங்கள்

கோமதி போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். தவசி.

"பெரியம்மா... மாஸ்க்கைக் கழட்டிட்டாங்க. காலையில... நெசமாவே இட்லி சாப்பிட்டேன்" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. கோமதி என்னைப் பார்த்து முறைத்தாள். அப்புறம் பொத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"புள்ளைக்கு முடியலன்னு கோமதி சொன்னா. இப்ப எப்படி இருக்கு வினோதினி?"

போனைப் பிடுங்கப் போனேன். அவள் உள்ளறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"சித்தப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்த?"

"என் பேரை."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சொன்னான். "வினோதினி."

"நிறுத்தாமச் சொல்லுங்க."

"வினோதினி. வினோதினி. என்னம்மா, மூணு தடவை சொல்லிட்டேன், போதுமா?"

அவள் தலை ஆட்டினாள். போனில் தலை ஆட்டினால் அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான், "போதும்ப்பா" என்றேன்.

ஜூன் 9, புதன்

காலையில் கொல்லை மாமரத்தடியில் படுக்க வேண்டும் போல இருக்கிறது என்றாள். தரை ஈரம். கழற்றிச் சுருட்டி வைத்திருந்த பிளெக்ஸை எடுத்து, போட்டோ தரைப்பக்கம், வெள்ளைப்பக்கம் மேலே வருகிற மாதிரி விரித்து, மேலே பாயைப் போட்டேன். தவசியின் சரக்கு கெட்டி, ஈரம் ஏறாது.

படுத்தாள். அருகில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்தது. குறட்டை வந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தக் குறட்டை உண்டு, சொன்னால் சண்டைக்கு வருவாள். நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தெரு முனையில் காய்கறி வண்டி திரும்பியது. மைக்கில் "தக்காளீ, கத்திரிக்கா, முருங்கைக்கா" என்று அலறல். வெங்காயத் தோல் மடியிலிருந்து சிதற எழுந்து ஓடினேன். நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"யப்பா! மைக்கை நிறுத்து!"

"ஏன் பாட்டி, யாருக்காச்சும் பாசிட்டிவா?"

கோமதி எட்டிப் பார்த்தாள். பால்காரர் எட்டிப் பார்த்தார். எல்லா ஜன்னலும் திறந்துகொண்டது. பார்க்கட்டும், கேட்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"என் பேத்தி வினோதினி தூங்குறா."

வண்டிக்காரர் மைக்கை அணைத்தார். வண்டியையும் அணைத்துவிட்டு, எங்கள் வீட்டைத் தாண்டுகிற வரைக்கும் கையாலேயே தள்ளிக்கொண்டு போனார்.